குழந்தை சாட்சி ஒண்ணு மட்டும் இருந்தா தண்டனை நிக்குமா? கரோபரேஷன் கட்டாயமா?

கேட்ட விஷயம் இதுதான்: ஒரு கொலை கேஸ், நேர்ல பார்த்தது 7 வயசு பொண்ணு ஒருத்தி மட்டும்தான், வேற கண்ணால பார்த்த சாட்சி யாரும் இல்ல. எதிர்த்தரப்புல "குழந்தை சொன்னத மட்டும் வெச்சு தண்டனை கொடுக்கவே முடியாது, சட்டப்படி கரோபரேஷன் வேணும்"னு, அதாவது துணைக்கு வேற ஆதாரம் வேணும்னு சொல்றாங்க, இது உண்மையான்னு கேட்டிருக்கீங்க. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம், ஆனா அந்த ஒரு வரியை மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போனா கேஸ் கவுந்துடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஒரு வரி பதில்: சட்டத்துல அப்படி ஒரு விதியே இல்ல. இந்தியாவுல எந்தச் சட்டமும், குழந்தை சாட்சியத்துக்கு இன்னொரு ஆதாரம் துணைக்கு இருந்தாதான் தண்டனைன்னு சொல்லல. சொல்றதெல்லாம் ஜட்ஜ் எச்சரிக்கையா பார்க்கணும்னுதான். எச்சரிக்கையா பார்க்குறதுக்கும் கட்டாயம் வேணும்ங்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் நம்ம ஊர் ட்ரயல் கோர்ட்டுல பாதி கேஸ் தோத்துப் போகுது.

முதல்ல, குழந்தை சாட்சி சொல்லலாமா வேணாமாங்கிறதுலேர்ந்து ஆரம்பிக்கணும். பழைய 1872 சாட்சியச் சட்டத்துல 118வது பிரிவு, அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து வந்த புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்துல 124வது பிரிவு, ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான். எல்லாரும் சாட்சி சொல்லத் தகுதியானவங்கதான், சின்ன வயசாலயோ முதுமையாலயோ நோயாலயோ கேட்கிற கேள்வி புரியாம போனா, இல்ல புரிஞ்சு அறிவோட பதில் சொல்ல முடியாம போனா மட்டும்தான் விலக்கு. பாருங்க, வயசு வரம்புன்னு ஒரு நம்பரே கிடையாது. 5 வயசு குழந்தை தெளிவா பதில் சொன்னா தகுதி இருக்கு, 15 வயசு பையனுக்கு கேள்வியே புரியலைன்னா தகுதி இல்ல. சூரியநாராயணா எதிர் கர்நாடகா வழக்குல (2001) சம்பவம் நடந்தப்ப சாட்சிக்கு சுமார் 4 வயசு, ஒரே கண்கண்ட சாட்சி, சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி பண்ணுச்சு.

அடுத்து சத்தியப் பிரமாணம். 12 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு உண்மையைத்தான் சொல்லணும்னு தெரியுது ஆனா சத்தியம் பண்றதுன்னா என்னன்னு புரியலைன்னு ஜட்ஜுக்குத் தோணுனா, 1969 ஆணையுறுதிச் சட்டம் 4வது பிரிவுப்படி சத்தியம் எடுக்காமலே சாட்சியத்தைப் பதிவு பண்ணலாம். அப்படிப் பண்ணுனா சாட்சியம் செல்லாததாவும் ஆகாது, மட்டமானதாவும் ஆகாது. "ப்ரமாணம் எடுக்காத சாட்சி, அதனால வெயிட்டே இல்ல"ன்னு குறுக்க வாதம் வரும், அதுக்கு இந்தப் பதிலே போதும், அதுக்கு மேல இதுல நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டேஜ் இருக்கு, அத யாரும் சீரியஸா எடுத்துக்கிறதில்ல, எனக்கு வருத்தமே அதுதான். குழந்தையைக் கூண்டுல ஏத்துனதும் ஜட்ஜ் கொஞ்சம் கேள்வி கேட்டு இந்தக் குழந்தை சாட்சி சொல்லத் தகுதியான்னு பார்க்கணும். நிறைய இடத்துல நடக்கிறது என்னன்னா, உன் பேரு என்ன, எந்த ஸ்கூல், எத்தனாங் கிளாஸ், சரி, "கேள்விகளைப் புரிந்து பதில் சொல்கிறார், தகுதி உள்ளவர்"னு ஒரு வரி டைப் அடிச்சு முடிச்சுடுறாங்க. 2023ல ப்ரதீப் எதிர் ஹரியானா வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் பிடிச்சுது. அங்க கேட்டதே மூணு கேள்வி, அத வெச்சு தகுதியை முடிவு பண்ணிட்டாங்க, இது போதாது, தகுந்த கேள்வி கேட்டு, கேள்வியையும் பதிலையும் பதிவு பண்ணி, தனக்கு ஏன் திருப்தின்னு ஜட்ஜ் காரணத்தோட எழுதணும்னு சொன்னாங்க, கடைசியில தண்டனையும் போச்சு. உண்மை பேசுறதுன்னா என்ன, பொய் சொன்னா என்ன ஆகும், இங்க எதுக்கு வந்திருக்க, இப்படி நாலஞ்சு கேள்வி சேர்த்துக் கேட்டிருந்தா பத்து நிமிஷம் கூட ஆகாது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் நடக்கும். பி. ரமேஷ் வழக்குன்னு தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒண்ணு, 2019ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அம்மா இறந்துபோன கேஸ், அப்பாதான் குற்றவாளிக் கூண்டுல, பிள்ளைங்கதான் சாட்சி. யார் முன்னாடி சாட்சி சொல்ல வந்திருக்கோம்னு பிள்ளைங்களால சொல்ல முடியல, அந்த ஒரு காரணத்துக்காக ட்ரயல் ஜட்ஜ் தகுதி இல்லைன்னு அனுப்பிட்டார். ஹைகோர்ட் அது தப்பு, பிள்ளைங்க சாட்சியத்தைப் பதிவு பண்ணுங்கன்னு திருப்பி அனுப்புச்சு, சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. யோசிச்சுப் பாருங்க, மேடையில கருப்பு கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவர் யாருன்னு தெரியாததுக்கும், வீட்டுல கண் முன்னாடி நடந்தத சொல்ல முடியுறதுக்கும் என்ன சம்பந்தம்.

சரி, இப்ப கரோபரேஷனுக்கு வருவோம். இந்த எண்ணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் எதிர்த்தரப்பு வாதத்துல எது சரக்கு எது பழங்கதைன்னு புரியும். இங்கிலாந்துல 1933ல வந்த குழந்தைகள் சட்டத்துல, சத்தியம் எடுக்காத குழந்தை சாட்சியத்துக்கு வேற ஆதாரம் துணைக்கு இருந்தே ஆகணும்னு சட்டமாவே எழுதி வெச்சிருந்தாங்க, சத்தியம் எடுத்த குழந்தையா இருந்தாலும் ஜூரிக்கு ஜட்ஜ் எச்சரிக்கை சொல்லணும்னு வழக்கம். அப்புறம் 1988ல அவங்களே அந்த கரோபரேஷன் கட்டாயத்தைத் தூக்கிட்டாங்க. 2010ல பார்க்கர் வழக்குல 4 சொச்சம் வயசு குழந்தையோட சாட்சியத்தை வெச்சு வந்த தண்டனையை அவங்க அப்பீல் கோர்ட் நிலைநிறுத்துச்சு. அதாவது எந்த ஊர் விதியைச் சொல்லி இங்க பயமுறுத்துறாங்களோ அந்த ஊர்லயே அது இப்ப இல்ல. நம்ம சட்டத்துலயோ அது எப்பவுமே இருந்ததில்ல.

இத 1946லயே ப்ரிவி கவுன்சில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சியில லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட், ஒரு சோமாலிலாந்து கொலை கேஸ்ல சொல்லிடுச்சு, அங்கயும் இந்திய சாட்சியச் சட்டம்தான் பொருந்துச்சு. குழந்தை சாட்சியத்தை மட்டும் நம்பி நடக்காம இருக்கிறது நல்ல நடைமுறை, ஆனா அது விவேகத்துக்கான விதி, சட்ட விதி இல்லன்னாங்க. அடுத்து ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான், 1952 வாக்குல வந்த தீர்ப்பு, ஜஸ்டிஸ் விவியன் போஸ் எழுதுனது. 8 வயசு பொண்ணுக்கு நடந்த பாலியல் குற்றம். அதுல சொன்னது என்னன்னா, துணை ஆதாரம் தேவைப்படலாம்ங்கிற எச்சரிக்கை ஜட்ஜ் மனசுல இருக்கணும், அத யோசிச்சுப் பார்த்துட்டு இந்தக் கேஸ்ல அது இல்லாமலே நம்பலாம்னு தோணுனா தாராளமா நம்பலாம். 1957ல வடிவேலு தேவர் வழக்கு, நம்ம மெட்ராஸ் மாநிலத்துலேர்ந்து போனது, சாட்சிகளோட எண்ணிக்கை முக்கியமில்ல தரம்தான் முக்கியம்னு இன்னைக்கும் எல்லா கோர்ட்லயும் காட்டுற தீர்ப்பு. முழுசா நம்பலாம், முழுசா தள்ளலாம், ரெண்டுக்கும் நடுவுலன்னு ஒத்தை சாட்சிகளை மூணு வகையா பிரிச்சுட்டு, மூணாவது வகைக்குத்தான் துணை தேடணும்னு சொல்லுச்சு. ஆனா நேர்மையா சொல்லணும்னா, அதே தீர்ப்புல விவேகத்துக்காக துணை தேட வேண்டிய சாட்சிக்கு உதாரணமா குழந்தையையும் சொல்லியிருக்காங்க, அத எதிர்த்தரப்பு கண்டிப்பா எடுத்துக் காட்டும், தயாரா இருங்க.

இன்னொரு வரியும் காட்டுவாங்க. "குழந்தை சாட்சிகள் ஆபத்தானவங்க, எளிதா வளைக்கலாம், வேணும்கிற மாதிரி உருவாக்கலாம்"ங்கிற கருத்து, ரத்தன்சிங் நாயக் எதிர் குஜராத் (2004) தீர்ப்புல இருக்கு. அத வாசிச்சுட்டு அங்கயே நிறுத்திடுவாங்க. அதே வாக்கியம் தொடர்ந்து போய், கவனமா ஆராய்ஞ்சு பார்த்து உண்மையோட முத்திரை அதுல இருக்குன்னு கோர்ட்டுக்குத் தோணுனா ஏத்துக்க எந்தத் தடையும் இல்லன்னு முடியும். பாதி வாக்கியத்தை வெச்சு எத்தனை வாதம் ஓடியிருக்கோ. முழு பாராவையும் ஜட்ஜ் கையில கொடுங்க.

இப்ப கரோபரேஷன்னா என்னங்கிறதுல ஒரு பெரிய தப்பு புரிதல் இருக்கு, இங்க கொஞ்சம் நிக்கணும். எல்லாரும் அத இன்னொரு கண்கண்ட சாட்சின்னு நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. இன்னொரு கண்கண்ட சாட்சி இருந்தா குழந்தையை ஏங்க கோர்ட்டுக்கு இழுக்கப் போறோம். குழந்தை சொல்றது உண்மையா இருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டுற எதுவும் போதும். கழுத்தை நெரிச்சாங்கன்னு குழந்தை சொல்லுது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல அதுக்கு ஏத்த காயம் இருக்கு. அலமாரிக்குப் பின்னாடி எதையோ ஒளிச்சாங்கன்னு சொல்லுது, அங்கேர்ந்தே பொருள் ரெக்கவரி ஆகுது. ராமேஷ்வர் வழக்குலயே, ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியா துணை வேணும்னு கேட்கக் கூடாது, சூழ்நிலை ஆதாரமே போதும்னு சொல்லியிருக்காங்க.

அதைவிட முக்கியமா அதே வழக்குல இன்னொண்ணு இருக்கு. சம்பவம் நடந்து சில மணி நேரத்துல அந்தப் பொண்ணு அம்மாகிட்ட சொன்னத கோர்ட் கரோபரேஷனா ஏத்துக்கிச்சு. ஒருத்தர் சொன்னதுக்கு அவரே முன்னாடி சொன்னது எப்படி துணையாகும்னு இங்கிலாந்து சட்டம் கேட்கும், ஆனா நம்ம சாட்சியச் சட்டம் 157வது பிரிவு, இப்ப புதுசுல 160, சம்பவத்தை ஒட்டி சொன்ன முந்தைய வார்த்தையை துணையா பயன்படுத்தலாம்னு தெளிவா அனுமதிக்குது. அதனால நான் எந்தக் குழந்தை சாட்சி கேஸை எடுத்தாலும் முதல்ல தேடுறது, இந்தக் குழந்தை முதல் வார்த்தையை யார்கிட்ட, எப்ப, எப்படிச் சொல்லுச்சு. பாட்டிகிட்டயா, பக்கத்து வீட்டு அக்காகிட்டயா, டீச்சர்கிட்டயா? அவங்க சாட்சிப் பட்டியல்ல இருக்காங்களா? பாதி கேஸ்ல இருக்கமாட்டாங்க, போலீஸ் அவங்கள விசாரிச்சே இருக்கமாட்டாங்க. ரெண்டாவது கண்கண்ட சாட்சி இல்லையேன்னு புலம்புற நேரத்துல அந்த ஆளைத் தேடிப் பிடிச்சா கேஸ் நிமிர்ந்துடும்.

ஒண்ணு கவனம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161வது பிரிவுப்படி போலீஸ்கிட்ட கொடுத்த ஸ்டேட்மென்ட் (அதுக்குப் பதிலா வந்த புது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 180) துணை ஆதாரம் ஆகாது, அத முரண்பாடு காட்ட மட்டும்தான் பயன்படுத்தலாம். மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொடுத்த 164 வாக்குமூலம், இப்ப 183, அது துணைக்கும் ஆகும் முரண்பாட்டுக்கும் ஆகும், ஆனா அது மட்டுமே தனியா நிக்கிற ஆதாரம் கிடையாது, குழந்தை கோர்ட்ல வந்து சொன்னாதான் அதுக்கு உயிர்.

அடுத்து உண்மையான போர்க்களம், டியூட்டரிங், அதாவது சொல்லிக்கொடுத்து வந்த சாட்சின்னு சொல்றது. கிராஸ்ல, அதாவது எதிர்த்தரப்பு வக்கீல் பண்ற குறுக்கு விசாரணையில, இப்படி வரும் பாருங்க:

"நேத்து உங்க பாட்டி கோர்ட்டுக்குப் போறது பத்தி பேசுனாங்களா?"
"பேசுனாங்க."
"கோர்ட்ல என்ன சொல்லணும்னு சொன்னாங்களா?"
"சொன்னாங்க."
"அவங்க சொன்ன மாதிரிதான் இங்க சொல்றியா?"
"ஆமா."

முடிஞ்சுது, வக்கீல் உட்கார்ந்துடுவார், ஆர்க்யுமென்ட்ல இந்த "ஆமா"வை வெச்சே ஒரு மணி நேரம் பேசுவார். அரசு வக்கீல் எழுந்து, கிராஸ் முடிஞ்சதும் தன் சாட்சிகிட்ட திரும்பக் கேட்கிற மறுவிசாரணையில ஒரே ஒரு கேள்வி, "பாட்டி என்ன சொல்லச் சொன்னாங்க?"ன்னு கேட்டிருந்தா, "பயப்படாம பார்த்தத அப்படியே சொல்லுன்னாங்க"ன்னு பதில் வந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்காம விட்டுட்டு அப்புறம் கரோபரேஷன் இல்லாம போச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

இதுக்கு 2025 பிப்ரவரியில நல்ல ஒரு தீர்ப்பு வந்திருக்கு, மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங். உங்க கேஸ் மாதிரியே 7 வயசு பொண்ணு, அம்மாவை அப்பாவே கொன்னத பார்த்ததா சாட்சி. ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சு, போலீஸ் அந்தப் பொண்ணோட ஸ்டேட்மென்ட்டை 18 நாள் கழிச்சுதான் எடுத்திருக்காங்க, அதனால சொல்லிக்கொடுத்திருக்கலாம்னு. சுப்ரீம் கோர்ட் அத மாத்தி தண்டனையைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. சொல்லிக்கொடுத்ததுன்னு சும்மா சொன்னா போதாது, முந்தைய ஸ்டேட்மென்ட்ல இல்லாத புதுக்கதை சேர்ந்திருக்கணும், இல்ல சொல்லிக்கொடுக்க வாய்ப்பு இருந்துச்சு, நிஜமாவே சொல்லிக்கொடுத்திருக்க நியாயமான சாத்தியம் இருக்குன்னு பதிவுல அடித்தளம் போடணும்னாங்க. யாரோ சொல்லச் சொன்னத குழந்தை கொஞ்சம் திருப்பிச் சொல்லுதுங்கிறதுக்காகவே முழுசா தள்ளக் கூடாது, அடிப்படையில அது பார்த்த விஷயமான்னு பாருங்க, சொல்லிக்கொடுத்த பகுதி இருந்தா அத பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை எடை போடுங்கன்னாங்க. அந்தக் கேஸ்ல உறவுக்காரங்களுக்குத் தெரியாம ராத்திரியில உடம்பை எரிச்சது, அதுக்கு புருஷன் ஒழுங்கா விளக்கம் கொடுக்காதது, எல்லாம் சேர்ந்து துணையா நின்னுச்சு. இந்தத் தீர்ப்பைக் கண்டிப்பா எடுத்துப் படிங்க, குழந்தை சாட்சி பத்தி அதுவரைக்கும் வந்த சட்டத்தையெல்லாம் ஒரே இடத்துல தொகுத்திருக்காங்க.

அதே நேரம், எதிர்த்தரப்போட பயம் முழுக்க பொய்யின்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல மெக்மார்ட்டின்னு ஒரு ப்ரீஸ்கூல் கேஸ், 1983ல கிளம்புச்சு, குழந்தைங்கள உட்கார வெச்சு திரும்பத் திரும்ப வழிநடத்துற கேள்விகளாவே கேட்டு நூத்துக்கணக்கான குற்றச்சாட்டு வந்துச்சு, 1990ல ஒரு தண்டனை கூட இல்லாம முடிஞ்சுது, நடுவுல எத்தனை பேர் வாழ்க்கை நாசம். ஒரே கேள்வியை ரெண்டாவது தடவை கேட்டா, முதல்ல சொன்ன பதில் தப்பு போலிருக்குன்னு நினைச்சு சின்னக் குழந்தை மாத்திச் சொல்லும், பெரியவங்க முகத்தைப் பார்த்து அவங்களுக்குப் பிடிச்ச பதிலைக் கொடுக்கும். "என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு கேட்டா வர்ற பதிலும் "மாமா அடிச்சாரா இல்லையா"ன்னு கேட்டா வர்ற பதிலும் ஒண்ணு இல்ல. இங்கயும் 2019ல திகம்பர் வைஷ்ணவ் வழக்குல, 5 பெண்கள் கொலை, தூக்குத் தண்டனை வரைக்கும் போன கேஸ், 9 வயசு பொண்ணோட சாட்சியத்துக்குப் போதுமான துணை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுச்சு. கவனமா பார்க்கணும்ங்கிற விதி அந்தக் கூண்டுல நிக்கிற அப்பாவிக்காகவும்தான் இருக்கு, அத நாம மறந்துடக் கூடாது.

ஆனா எந்த முரண்பாட்டைப் பெருசா எடுத்துக்கணும்ங்கிறதுல நியாயம் வேணும். குழந்தைக்குத் தேதி, மணி, எத்தனை அடி தூரம், எத்தனை தடவை, இதெல்லாம் சரியா வராது. "நாலு மணிக்குன்னு சொன்ன, இப்ப ஆறு மணின்னு சொல்ற"ன்னு பிடிக்கிறதுல என்ன இருக்கு. யாரு, என்ன பண்ணாங்க, எங்க, இந்த நடுத்தண்டு மாறுதான்னு பாருங்க.

போக்சோ கேஸா, அதாவது குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான சட்டத்துல வர்ற கேஸா இருந்தா ஏற்பாடே வேற. 2012 சட்டம் 33வது பிரிவுப்படி வக்கீல் நேரா குழந்தைகிட்ட கேள்வி கேட்க முடியாது, ஜட்ஜ்கிட்ட கொடுத்து ஜட்ஜ்தான் கேட்கணும், அடிக்கடி இடைவேளை விடணும், மிரட்டுற மாதிரி கேட்க விடக் கூடாது. 36ன்படி சாட்சி சொல்றப்ப குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி பண்ணணும். 35ன்படி கோர்ட் வழக்கை எடுத்துக்கிட்ட 30 நாளுக்குள்ள குழந்தையோட சாட்சியத்தைப் பதிவு பண்ணணும், நடைமுறையில இது எத்தனை இடத்துல நடக்குதுன்னு கோர்ட் வராண்டாவுல நின்னவங்களுக்குத் தெரியும். கரோபரேஷன் விஷயத்துல, பாதிக்கப்பட்டவங்களோட சாட்சியத்துக்குத் துணை கேட்குறது காயத்துமேல அவமானத்தையும் சேர்க்குற மாதிரின்னு 1983லயே பர்வாடா போகின்பாய் வழக்குல சொல்லியாச்சு, அதுல பாதிக்கப்பட்டதும் சின்னப் பொண்ணுங்கதான்.

ஒரு தலைகீழ் கேஸும் இருக்கு, ராஜஸ்தான் அரசு எதிர் சத்ரா, 2025 மார்ச். 1986ல ஒரு சின்னப் பொண்ணுக்கு நடந்த கொடுமை, கோர்ட்ல கேட்டப்ப அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசல, கண்ணுல தண்ணி மட்டும் வந்துச்சுன்னு பதிவு இருக்கு. ஹைகோர்ட் அத காரணமா வெச்சு 2013ல விடுதலை பண்ணுச்சு. குழந்தையோட மௌனத்தைப் பெரியவங்களோட மௌனத்துக்கு சமமா வெக்காதீங்க, மருத்துவ ஆதாரமும் சூழ்நிலையும் போதும்னு சுப்ரீம் கோர்ட் தண்டனையை மீட்டுச்சு, கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு. அதாவது குழந்தை வாயே திறக்காம போனாலும் மத்த ஆதாரம் கேஸைத் தாங்கலாம்.

உங்க கேஸுக்கு வருவோம். கொலை கேஸ்ங்கிறதால போக்சோ ஏற்பாடு தானா வராது, ஆனா பாதிக்கப்பட்டவங்களும் சாட்சிகளும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காம சாட்சி சொல்ல திரை மாதிரி ஏற்பாடு வேணும்னு சொன்ன 2004 சாக்ஷி வழக்குக்கு அப்புறமும், 2022ல ஒவ்வொரு மாவட்டத்துலயும் பாதுகாப்பான சாட்சிப் பதிவு மையம் வேணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறமும், உங்க மாவட்டத்துல அந்த மையம் இருக்கான்னு கேட்டு, அங்க வெச்சுப் பதிவு பண்ணச் சொல்லி அரசு வக்கீல் மூலமா இப்பவே மனு போடுங்க, சாட்சி நாளன்னைக்குப் போய் கேட்டா நடக்காது. 164 வாக்குமூலம் எடுத்தாச்சான்னு பாருங்க. அந்தப் பொண்ணு முதல்ல யார்கிட்ட சொன்னான்னு கண்டுபிடிச்சு, அவங்க பேர் சாட்சிப் பட்டியல்ல இல்லைன்னா அரசு வக்கீல்கிட்ட சொல்லி கூடுதல் சாட்சியா சேர்க்க மனு கேளுங்க. தகுதி பார்க்கிற கேள்விகள் ஒழுங்கா பதிவாகுதான்னு அன்னைக்கு கவனிக்கச் சொல்லுங்க. முக்கியமா வீட்டுல யாரும் அந்தப் பொண்ண உட்கார வெச்சு ஒத்திகை பார்க்காதீங்க, பாசத்துல பண்றதுதான், ஆனா "இதச் சொல்லு, அத விட்டுடாத"ன்னு ஆரம்பிச்சா அவளோட சொந்த வார்த்தை போய் உங்க வார்த்தை வந்துடும், கிராஸ்ல அது ரெண்டே நிமிஷத்துல வெளிய வரும். கோர்ட் எப்படி இருக்கும், யார் எங்க உட்காருவாங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், கேள்வி புரியலைன்னா திருப்பிக் கேட்கலாம், இத மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.